ஜாமுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு, கொம்பு மட்டும் தனியா நிக்குது

ஒரு வழியா "கொக்கு" ஒழுங்கா வந்துருச்சு. மூணு ராத்திரி ஆச்சு. ஒத்த வார்த்தைக்கு மூணு ராத்திரியானு ஆபீஸ்ல சிரிப்பாய்ங்க, உங்களுக்குத்தான் இது புரியும், அதான் இங்க எழுதி வைக்கிறேன்.

வர்ற வெள்ளி ராத்திரி ஆரம்பிச்சு ஞாயிறு ராத்திரி முடியிற 48 மணி நேர கேம் ஜாம், அதாவது அவங்க சொல்ற தீமுக்கு அந்த நேரத்துக்குள்ள ஒரு கேம் செஞ்சு ஏத்தணும். போன தடவை கேமை முழுசா முடிச்சும் சப்மிட் பண்ண முடியாம போன ஆளு நான். எல்லாம் என் தப்புதான். ஜிப்புக்குள்ள ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இன்னொரு ஃபோல்டர், அதுக்குள்ள கேம் பேரையே வச்ச எச்டிஎம்எல் ஃபைல். கேமை ஏத்துற சைட் இட்ச்.ஐஓ, அது தேடுறது இன்டெக்ஸ்.எச்டிஎம்எல். அதைக் கண்டுபிடிச்சு மாத்தி ஏத்தினா படம் ஒண்ணும் வரல. ஃபைல் பேர்ல முதல் எழுத்து பெருசு, கோடுல சின்னது. விண்டோஸ்ல ஓட்டும்போது அது ஒண்ணும் சொல்லாது, எக்ஸ்போர்ட் பண்ணதும் பல்லைக் காட்டும். அதையும் சரி பண்ணிட்டு பட்டனை அமுக்குறதுக்குள்ள ஆறு நிமிஷம் தாண்டிருச்சு. ரெண்டு நாள் தூக்கம் போனது கூட பரவால்ல, அந்த ஆறு நிமிஷம் இன்னமும் கனவுல வருது.

அதனால இந்த தடவை ஜாமுக்கு முன்னாடியே ஒரு காலி ப்ராஜெக்ட் தயார் பண்ணிட்டேன். டைட்டில் ஸ்க்ரீன், கேமை நடுவுல நிறுத்துற பாஸ், சத்தத்தைக் கூட்டக் குறைக்க, வசனப் பெட்டி, வெப் எக்ஸ்போர்ட் எல்லாம் அதுல இருக்கணும், தீம் சொன்ன அடுத்த நிமிஷம் கேம்ல கை வைக்கணும், அதான் திட்டம். இப்படி முன்னாடியே எழுதின பேஸ் கோடு வச்சுக்கலாம்னு இந்த ஜாம்ல விதி இருக்கு. லூடம் டேர்ங்கிற ஜாம்ல காம்போங்கிற பிரிவுக்கே அது உண்டு, மத்தபடி அங்க கெடுபிடி ஜாஸ்தி: தனி ஆளு, படம் சத்தம் எல்லாம் அந்த 48 மணி நேரத்துக்குள்ளயே செய்யணும், கடைசியில சோர்ஸையும் கொடுக்கணும். டீமா செய்யணும்னா 72 மணி நேர ஜாம் பிரிவுக்குப் போகணும். நான் எந்த ஜாமா இருந்தாலும் மனசுக்குள்ள காம்போ விதியைத்தான் வச்சுக்குவேன், வீம்புதான்.

டைட்டில், பாஸ் எல்லாம் ஒரு மணி நேர வேலை. வசனப் பெட்டிதான் ஆளைக் கவுத்துருச்சு. ஏன்னா இந்த தடவை கேம் தமிழ்ல. அஞ்சு ஜாம் பண்ணியாச்சு, அஞ்சும் இங்கிலீஷ். என் இங்கிலீஷ்ல ஜோக் எழுதினா எனக்கே சிரிப்பு வராது.

நான் கேம் செய்யிற என்ஜின் கோடோ. கோடோ 3ல தமிழ் எழுதிப் பார்த்தவங்களுக்கு அந்த வலி தெரியும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு கிடக்கும். 2023ல 4 வந்தப்ப எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கிற ஹார்ஃப்பஸ் உள்ள வந்துச்சு, எழுத்து சேர்ந்து வருது. சரி, கவலை விட்டுச்சுனு எடிட்டர்ல "கொக்கு மேகத்தோட போகுது"னு அடிச்சேன், அழகா வந்துச்சு. ப்ரௌசர்ல ஓட்டினேன், கட்டம் கட்டமா வருது. காரணம் ரொம்ப சாதாரணம், நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுறப்ப சிஸ்டம் ஃபான்ட்ல இருந்து தமிழை எடுத்துக்குது, வெப்ல அப்படி எடுக்க வழி இல்ல, நாமதான் ஃபான்டை ப்ராஜெக்டுக்குள்ள போடணும். நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டேன், முடிஞ்சுது. இது அரை மணி நேரம்தான், இதை கணக்குல சேர்க்கல.

கூத்து ஆரம்பிச்சது டைப்ரைட்டர் எஃபெக்ட்ல. வசனம் ஒவ்வொரு எழுத்தா டிக் டிக்னு வரணும்ல, அதுக்கு எல்லாரும் செய்யிற மாதிரி எத்தனை எழுத்து தெரியணும்னு சொல்ற விசிபிள் கேரக்டர்ஸை ஒண்ணொண்ணா ஏத்தினேன். அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருக்கா, நாலாப்பு, அவதான் என் டெஸ்டர். பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிக்கிறா: "க... கொ... கொக... கொக்... கொக்க... கொக்கு. மாமா, இது ஏன் திக்குது?"

திக்கத்தான் செய்யும். நமக்கு கொக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு: க, அதுக்கு ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. முதல் டிக்குக்கு "க" வருது, ரெண்டாவது டிக்குக்கு அந்த க-வைத் தள்ளிவிட்டுட்டு முன்னாடி கொம்பு வந்து உக்காருது. எழுத்து நகருறது கண்ணுக்கு அப்படியே தெரியும். வரி ஓரத்துல இருக்கிற வார்த்தை இன்னும் மோசம், பாதி வார்த்தை மேல் வரியில வந்து, இடம் பத்தாம சடார்னு கீழ் வரிக்குக் குதிக்கும். சென்டர்ல வச்சா மொத்த வரியும் ஆடும். இங்கிலீஷ்லயும் வரி குதிக்கும்தான், ஆனா எழுத்து தானே உருவம் மாறி ஆடுறது நமக்கு மட்டும் கிடைச்ச வரம்.

வசனத்தைக் காட்டுற லேபிள்ல விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்னு ஒரு செட்டிங் இருக்கு, இத்தனை வருஷம் அங்கிட்டு எட்டிக்கூட பார்த்ததில்ல. சும்மா விட்டா எழுத்து சேர்றதுக்கு முன்னாடியே வெட்டும், அதான் திக்குன கதை. ரெண்டாவது ராத்திரி கிளிஃப், அதாவது ஃபான்ட்ல இருக்கிற உருவத் துண்டு, அந்தக் கணக்குல வெட்டுற ஆப்ஷனை வச்சேன். வரி குதிக்கல. ஆஹா, முடிஞ்சுதுடானு அவளைக் கூப்பிட்டேன். பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. "மாமா, கொம்பு மட்டும் தனியா நிக்குது!"

ஆமா நிக்குது. உருவமா பார்த்தா கொ-ங்கிறது கொம்பு, க, கால்னு மூணு துண்டு, இடமிருந்து வலமா வரிசையா வருது. முதல்ல வெறும் கொம்பு யாருக்கோ காத்துக்கிட்டு நிக்குது, அப்புறம் க வருது, "கெ"னு ஆகுது, அப்புறம் கால் வந்து "கொ" ஆகுது. "போகுது"வுக்கு ரெட்டைக் கொம்பு முதல்ல வந்து நிக்கும். "தை"னு எழுதினா ஐகாரக் கொம்பு மட்டும் வந்து த எங்கனு தேடும். பார்க்க நல்லாதான் இருக்கு, ஆனா வாசிக்க முடியாது.

மூணாவது ராத்திரிதான் சரியான வழி தெரிஞ்சுது. எழுத்து சேர்ந்ததுக்கு அப்புறம், கேரக்டர் கணக்குல வெட்டுற ஆப்ஷன். இதுல ஒரு எழுத்தோட எல்லாத் துண்டும் கணக்குக்குள்ள வந்தாதான் அந்த எழுத்தைக் காட்டும். வரி குதிக்கல, கொம்பு தனியா நிக்கல. ஆனா தாளம் இடிக்குது. ஒரு டிக்குல ஒண்ணும் வராது, அடுத்த டிக்குல "கொ" வரும், அடுத்தது ஒண்ணும் வராது, அப்புறம் "க்" வரும். சத்தத்தையும் டிக்கோட கட்டி வச்சிருந்தேனா, சத்தம் கேக்குது எழுத்து வரல.

அதுக்கு மருந்து, கோடோவுல எழுத்து வேலையெல்லாம் பார்க்கிற டெக்ஸ்ட்சர்வர்ல இருக்கு. ஸ்ட்ரிங்_கெட்_கேரக்டர்_ப்ரேக்ஸ். டெக்ஸ்ட்சர்வர் மேனேஜர்கிட்ட பிரைமரி இன்டர்ஃபேஸை வாங்கி, அதுகிட்ட "கொக்கு"வைக் கொடுத்தா 2, 4, 6னு ஒவ்வொரு எழுத்தும் முடியிற இடத்தைத் திருப்பித் தருது. நம்ம வாத்தியார் எண்ணுற மாதிரியே மூணு எழுத்து! அந்த லிஸ்ட்டை வச்சு விசிபிள் கேரக்டர்ஸை 2க்கு, 4க்கு, 6க்குனு தாவ விட்டேன், சத்தமும் அந்தத் தாவலுக்கு மட்டும். ராத்திரி ஒண்ணரை மணிக்கு டிக், டிக், டிக்: கொ, க், கு. நான் போட்ட சத்தத்துல அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க.

லேபிளுக்குப் பதிலா, டேக் போட்டு கலர் மாத்துற ரிச்டெக்ஸ்ட்லேபிள் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க, பிபிகோடு டேக்கோட இருக்கிற டெக்ஸ்டை அதுக்குக் கொடுத்துறாதீங்க, கணக்கு எங்கேயோ போயிரும். கெட்_பார்ஸ்ட்_டெக்ஸ்ட்ல டேக் இல்லாத டெக்ஸ்டை வாங்கி அதைக் கொடுங்க. இதுல ஒரு மணி நேரம் போச்சு, கலர் டேக் இருந்த வசனம் மட்டும் முதல்லயே முடிஞ்சுருது, ஏன்னே புரியல.

இன்னும் ஒரு சில்லறை பாக்கி இருந்துச்சு, க்ஷ. யூனிகோடு கணக்குப்படி அது க், ஷ னு ரெண்டு எழுத்து, ஃபான்ட்டோ ஒரே உருவமா ஒட்டிருது. அதனால "பக்ஷி"னு எழுதினா நடுவுல ஒரு டிக் ஊமையா போகும். புள்ளிக்கு அடுத்து ஷ வந்தா, அதுக்கு முன்னாடி க இருந்தா, அந்த இடத்துல நிக்காம தாண்டுனு ஒரு இஃப் போட்டேன். ஸ்ரீ-க்கும் அதே கதை, அதுக்கும் ஒரு இஃப். அசிங்கமான கோடுதான், ஜாம் கோடு அப்படித்தான் இருக்கும். பேசாம வசனத்துல பறவைனு எழுதிட்டுப் போயிருக்கலாம், ஆனா ஒரு தடவை கண்ணுல பட்டுட்டா விட முடியுமா.

ஃபான்ட் பத்தி பேசுறப்பவே சொல்லிடுறேன். டைட்டிலுக்கு கொஞ்சம் குண்டா, கலகலப்பா ஒரு எழுத்து வேணும்னு தெருமுனையில கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி அண்ணன்கிட்ட கேட்டேன். "தம்பி, ஐநூறு ஃபான்ட் இருக்கு, எடுத்துக்க"னு ஒரு பென்ட்ரைவையே தூக்கிக் கொடுத்துட்டார். தங்கமான மனுஷன். ஆனா அத்தனையும் பழைய என்கோடிங், இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் உருவத்தை வச்சிருக்கிற பாமினி வகையறா. யூனிகோடு வசனத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதோட அதுல எது யாருக்குச் சொந்தம்னு அண்ணனுக்கே தெரியாது. கடைசியில கூகுள் ஃபான்ட்ஸ்ல பாலூ தம்பி 2 எடுத்தேன், நான் தேடுன அதே குண்டு எழுத்து, ஓப்பன் லைசென்ஸ், பேரும் பொருத்தமா இருக்கு. கவிவனார் ஒண்ணு இருக்கு, கையெழுத்து மாதிரி சாய்ஞ்சு வரும், கடிதம் வர்ற கேம்னா அதுதான். ரெண்டையும் இறக்கி வச்சாச்சு.

சத்தத்துக்கு வழக்கம்போல எஸ்எஃப்எக்ஸ்ஆர். அந்த டூலே 2007 டிசம்பர்ல பத்தாவது லூடம் டேருக்காக டாக்டர்பெட்டர்ங்கிறவர் செஞ்சு கொடுத்தது, ஜாம்ல சத்தமே இல்லாம கேம் வருதேனு. இன்னைக்கு வரைக்கும் பாதி ஜாம் கேம்ல அந்தக் காசு எடுக்கிற சத்தம்தான். நான் இந்த தடவை அதோட அம்மா கிச்சன்லயும் கொஞ்சம் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், கடுகு வெடிக்கிறது, கரண்டி தட்டுறது, குக்கர் விசில். குக்கர் விசிலை வேகத்தைக் குறைச்சு ஓட்டிப் பாருங்க, யானை மாதிரி இருக்கு. ஆனா காம்போ விதினு மேல பீத்திக்கிட்டேனே, அதுக்கு இது ஆகாது, ஜாம் ஆரம்பிச்சப்புறம் திரும்ப எடுக்கணும். அம்மா வெள்ளிக்கிழமை என்ன சமைக்கிறாங்கனு கேட்டு வைக்கணும்.

போன மாசம் ஆபீஸ் வேலையா சென்னை போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட் ஹாண்ட் டிராயிங் டேப்லட் வாங்கினேன். கடைக்காரர் நிப் புதுசுனு சத்தியம் பண்ணார். வீட்டுக்கு வந்து பார்த்தா தேய்ஞ்சு உளி மாதிரி இருக்கு, கோடு போட்டா கீறுது. நிப் ஆர்டர் போட்டிருக்கேன், வியாழக்கிழமை வரணும். வரலைன்னா மவுஸ்லதான் வரையணும், மவுஸ்ல நான் வரைஞ்ச கொக்கு வாத்து மாதிரியே இருக்கு.

ஒரு பக்கம் பதில் டைப் பண்ற பெட்டியும் சோதிச்சேன், விடுகதை கேம் வந்தா உதவும்னு. அம்மா "கௌரி"னு அடிச்சாங்க, தப்புனு வருது. பார்த்தா, அவங்க அடிச்சது க-வுக்கு கொம்பு போட்டு பக்கத்துல ள எழுத்து. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு அது "கெளரி". நாட்டுல பாதிப்பேர் அப்படித்தான் அடிக்கிறாங்க, அம்மாவை என்ன சொல்றது. ஒகரத்துக்கும் இதே வம்பு இருக்கு, கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்சாலும் அதே உருவம்தான் வரும், ஆனா சேர்ந்த குறியோட ஒப்பிட்டா வேற. ஒப்பிடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்தணும். எழுதணும், இன்னும் எழுதல. விடுகதை கேமே வராதுனு வேண்டிக்கிட்டு விட்டுட்டேன்.

பாக்கி இருக்கிறது: பாஸ் மெனுல சவுண்டு ஸ்லைடர் இழுத்தா நகருது, சத்தம் குறையல. டைட்டில்ல "தொட்டு ஆரம்பி"னு ஒரு ஸ்க்ரீன் வைக்கணும், ப்ரௌசர் ஒரு தடவை தொடாம சத்தம் விடாது. எக்ஸ்போர்ட்ல த்ரெட் சப்போர்ட் டிக்கை எடுத்துட்டேன், 4.3ல இருந்து அது இல்லாமலே ஓடும், ஏத்துற இடத்துல தனி செட்டிங் எதுவும் வேண்டாம். டெக்ஸ்ட் சர்வர் டேட்டாவையும் சேருங்கிற டிக்கை போட்டுட்டேன். வெறும் காலி ப்ராஜெக்டை ஜிப் போட்டு, இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் வெளியவே இருக்கானு மூணு தடவை பார்த்து, இட்ச்.ஐஓல ட்ராஃப்டா ஏத்தி, அம்மா போன்ல திறந்தேன். கொ, க், கு. போன்லயும் வருது.

நேத்து அக்கா பொண்ணு ஊருக்குக் கிளம்புறப்ப கடைசியா ஒரு தடவை காட்டினேன். முழுசா பார்த்தா. வாசிச்சா. திக்கல.

"அந்த கொம்பை ஏன் மாமா எடுத்த? அதுதான் நல்லா இருந்துச்சு."

அவளை பஸ் ஏத்திவிட்டு வந்து ரெண்டாவது ராத்திரி போட்ட கோடைத் தேடி எடுத்தேன், அழிக்கல, நல்ல வேளை. "தனிக்கொம்பு"னு ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன். கொம்பு ஒண்ணு தன்னோட எழுத்தைத் தேடிப் போகுது, க கிட்ட போனா கெ, ம கிட்ட போனா மெ, கதவுல "மொ"னு எழுதியிருந்தா காலையும் தேடிப் பிடிச்சு கூட்டிட்டு வரணும். தீம் தெரியாம ஐடியாவைக் கட்டிப் பிடிச்சுக்கக் கூடாதுனு எனக்கும் தெரியும், தீம் "நெருப்பு"னு வந்தா என்ன செய்வேன்னு கேக்காதீங்க, நெருப்புக்கும் முதல்ல கொம்புதான் வருது.