மேட் ஈரமாக இருக்க வேண்டிய பத்து நிமிடம்

முதலில் மகனின் முன்கையில்தான் தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் அது வட்டமாக விரிந்து, நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் தடித்துச் செதில் உதிர ஆரம்பித்தது. அதற்குள் என் கழுத்திலும் அரிப்பு வந்துவிட்டது. படர்தாமரை.

வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, ஒன்றோடொன்று கோத்துப் போடும் மேட்டை விரித்து, வாரத்துக்கு நான்கு நாள் கிராப்ளிங் பழகுகிறோம், அதாவது குத்தும் உதையும் இல்லாமல் கட்டிப் பிடித்துத் தரையில் புரளும் மல்யுத்த வகை. நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். கன்னம், காது, முழங்கை என்று உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் மேட்டில் உரசும் விளையாட்டு இது. தோல் மருத்துவரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மேட்டை எப்படித் துடைக்கிறீர்கள்?" தினமும் கிருமிநாசினி ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிறோம் என்றேன். "அடித்த உடனேயே துடைத்துவிடுவீர்களா?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் அது வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அரிப்பு அடங்குகிறதே என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசக்கூடாது. சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். அவர் எழுதித் தந்த பூஞ்சைக் களிம்பையும், வட்டம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை பூசச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஸ்ப்ரே பாட்டிலின் லேபிளை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். பத்து நிமிடம் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. எந்தெந்தக் கிருமிகளுக்கு என்ற பட்டியலில் பாக்டீரியா இருந்தது, வைரஸ் இருந்தது, பூஞ்சை இல்லை. அதாவது எங்களுக்கு வந்த நோய்க்கு அந்தத் திரவம் பொருந்தவே இல்லை. படர்தாமரையை உண்டாக்கும் ட்ரைக்கோஃபைட்டன் வகைப் பூஞ்சையின் பெயர் லேபிளிலேயே இருக்கிற, எங்கள் மேட்டின் வினைல் மேல்தோலுக்கு ஒத்துவரும் ஒன்றைத் தேடி வாங்கினேன். அதற்கும் அதே பத்து நிமிடம்தான். இந்தப் பூஞ்சையின் வித்துகள் உதிர்ந்த செதிலோடும் முடியோடும் மாதக்கணக்கில் கிடக்கக்கூடியவை. அதனால் மேல்பூச்சாகத் துடைத்து முடிக்க முடியாது என்று மேட் முழுவதையும் பிரித்தோம்.

பிரித்தபோதுதான் மனம் கனத்தது. கோக்கும் பற்களுக்கு இடையில் முடியும் செதிலும் வியர்வையில் ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு கோடாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உருண்டது. மேட்டின் அடிப்பக்கம் சில இடங்களில் ஈரம் இருந்தது, பழைய துணி வாடை. நாங்கள் தினமும் துடைத்த தண்ணீர்தான் இடுக்கு வழியாக இறங்கி, காய வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது.

முடியையும் தூசியையும் முதலில் வேக்யூமில் எடுத்தோம். அப்புறம் டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரில், பற்களுக்குப் பழைய டூத்பிரஷ், மேல்பரப்புக்குத் துணி என்று ஒவ்வொரு துண்டாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்தோம். அழுக்குக்கு மேல் கிருமிநாசினியை ஊற்றினால் அதன் பலம் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். அதன் பிறகுதான் மருந்து, அதாவது புதிதாக வாங்கிய கிருமிநாசினி.

அந்தப் பத்து நிமிடம் நினைத்ததைவிடக் கஷ்டம். முதல் துண்டில் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிடத்திலேயே ஓரத்திலிருந்து பளபளப்பு மங்கி, நடுவில் ஒரு தீவு மட்டும் ஈரமாக நின்றது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது! அதை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, இன்னும் தாராளமாகத் தடவி, காயும் இடத்தில் மறுபடியும் நனைத்து, ஒருவழியாகப் பத்து நிமிடம் நிறுத்தினோம். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தோம். அந்தப் படிவு தோலில் பட்டால் எரிச்சல் வரும், காலும் வழுக்கும். சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் நிழலில் உலர்த்தினோம். கடும் வெயிலில் வினைலில் வெடிப்பு விழுந்துவிடும்.

மேட்டுக்கு அடியில் இருந்த தரைக்கு மட்டும் ப்ளீச். 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அன்றன்றைக்குக் கலந்தது, ஏனென்றால் கலந்து வைத்தால் வீரியம் குறையும். மேட்டின் மேல் அடிக்கடி பயன்படுத்தினால் நிறம் போய் விறைத்துவிடும் என்பதால் அங்கே வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். நண்பர் ஒருவர் வினிகரும் சேர்த்து ஊற்றலாமே என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ப்ளீச்சோடு வினிகரோ கழிப்பறை ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

மாப்பையும் மாற்றினோம். பழைய மாப் வீடு முழுக்கத் துடைப்பது, எப்போதும் பக்கெட்டில் ஈரமாகவே நிற்பது. இப்போது மேட்டுக்கென்று தனியாக மைக்ரோஃபைபர் மாப் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் துணியைக் கழற்றித் துவைத்துக் காயப் போடுகிறோம். துடைக்கும்போது முன்னும் பின்னும் தேய்க்காமல், ஒரே திசையில், உள்சுவரிலிருந்து வாசல் பக்கமாக வருகிறோம். பயிற்சி உடை, முழங்கால் பட்டை, துண்டு எல்லாம் அன்றைக்கே துவைக்கப் போய்விடும். நண்பர்களிடமும் விஷயத்தை அன்றே சொல்லிவிட்டேன். தயக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவருக்கு இடுப்பில் ஆரம்பித்திருந்தது, சீக்கிரமே மருத்துவரைப் பார்த்தார்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி பயிற்சியைத் தொடங்கினோம். தினமும் முடிந்ததும் டிடர்ஜென்ட், மருந்து, பத்து நிமிடம். மாதம் ஒரு முறை முழுசாகப் பிரிப்போம். மேல்தோல் கிழிந்து உள்ளே ஃபோம் தெரிந்த ஒரு துண்டை மட்டும் திரும்பப் போடவில்லை. ஃபோம் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே இறங்கியதைத் துடைத்து எடுக்க முடியாது. அந்த மூலை இப்போதைக்குக் காலியாக இருக்கிறது. மகன் அங்கே டேப் ஒட்டி எல்லை போட்டிருக்கிறான், அதைத் தாண்டாமல் உருள்கிறோம்.