காகமும் வேட்டைக்காரன்தான்

மிச்சம் மீதியைக் கொத்தித் தின்னும் பறவை என்றே காகத்தை நினைக்கிறோம். அது வேட்டையாடும் விதமே தனி.

ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935-இல் ஒரு விஷத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்ற பாம்பு, உடும்பு எல்லாம் செத்தன. காகம் என்ன செய்கிறது தெரியுமா? விஷச் சுரப்பிகள் தோளிலும் முதுகிலும் இருப்பதால் தேரையை மல்லாக்கப் புரட்டிப் போடுகிறது. அப்புறம் வயிற்றுப் பக்கமாகக் கிழித்து உள்ளே இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, முதுகைத் தொடாமல் போய்விடுகிறது.

கடலோரக் காகங்கள் நத்தையைத் தூக்கிப் பறந்து பாறையில் போட்டு உடைக்கும். அதிலும் பெரிய நத்தையாகப் பார்த்துத்தான் எடுக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது, பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவின் காகம். மரத்துளைக்குள் கொழுத்த வண்டுப் புழு இருக்கும், அலகுக்கு எட்டாது. ஒரு குச்சியை உள்ளே விட்டுச் சீண்டிக்கொண்டே இருக்கும். சீண்டல் பொறுக்காத புழு குச்சியை இறுகக் கடிக்கும். அந்தப் பிடி தளர்வதற்குள் மெல்ல வெளியே இழுத்துவிடும். இரையின் கோபத்தையே தூண்டிலாக்கத் தெரிந்திருக்கிறது! இதில் கைதேரக் குஞ்சுகளுக்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை தாயும் தகப்பனும் பொறுமையாக ஊட்டிக்கொண்டிருக்கும்.