சுகரோட பிரஷரும் இருக்கா?

மாடி ஏறின மூச்சோட, டீ குடிச்ச கையோட பிரஷர் பார்க்காதீங்க, கூடத்தான் காட்டும். அரை மணி விட்டு, முதுகு சாய்ஞ்சு, கால் தரையில பட, 5 நிமிஷம் பேசாம உட்காருங்க. கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். 1 நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பாருங்க. பெரும்பாலானவங்களுக்கு 130/80-க்குக் கீழே இருக்கணும்.

எழுந்து நின்னும் பாருங்க. மேல் அளவு 20 இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. சுகர் நரம்பைத் தொட்டிருந்தா இப்படி ஆகும், தலைசுத்தி விழுந்துடுவாங்க.

உப்பு நாளைக்கு மொத்தமே 5 கிராம். காசிமேட்டுக் கருவாட்டை எத்தனை தடவை அலசினாலும் உப்பு முழுசா போகாது. சோடியம் குறைச்ச உப்பை, கிட்னி பாதிப்பு இருந்தாலோ டெல்மிசார்ட்டான்ங்கிற பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ, டாக்டரைக் கேக்காம வாங்கவே வாங்காதீங்க. அதுல இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துல ஏறினா இதயத்துடிப்பே தடுமாறும்.