0.84

மார்ச் 3

அறிக்கை வந்துவிட்டது. சினைப்பையில் எஞ்சியிருக்கும் முட்டைகளை ஊகிக்க உதவும் ஹார்மோனான ஏ.எம்.எச். 0.84 என்றும், அதன் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் அச்சாகியிருக்கின்றன.

மார்ச் 4

இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை என்பதால், அந்த எண் எதை அளக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். சினைப்பையில் வளரத் தொடங்கிய சிறு நுண்ணறைகளின், அதாவது முட்டையைத் தாங்கும் நுண்பைகளின், செல்கள் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. நுண்ணறை ஏறத்தாழ 8 மில்லிமீட்டரைத் தாண்டியதும் சுரப்பு மங்கிவிடுகிறது. உறங்கிக்கிடக்கும் முட்டைகளை எண்ண வழியில்லாததால், விழித்தெழுந்தவை எத்தனை என்று பார்த்து, எஞ்சியிருப்பதை ஊகிக்கிறார்கள். தாயின் வயிற்றில் 20 வாரப் பெண் கருவுக்கு 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும், பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகிவிடும், பூப்பெய்தும் வயதில் 3 முதல் 4 லட்சமே மிஞ்சும். நான் பிறப்பதற்கு முன்பே கரையத் தொடங்கிய ஒன்றுக்கு, நேற்று முழுவதும் நான் எதைத் தின்றேன், எதைத் தவறவிட்டேன் என்று காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 5

0.84.

மார்ச் 9

கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இந்த அளவு தற்காலிகமாகக் குறைந்து காணப்படுவது உண்டு. நான் அதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஆறுதலும் எனக்கில்லை.

மார்ச் 14

வேறொரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்த இரத்தத்தின் முடிவு இன்று வந்தது: 6.2. படித்த கணத்திலேயே கணவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன், முதல் அறிக்கை தவறு என்று அவரும் நம்பினார். மாலையில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எண்ணுக்குப் பின்னால் இருந்த சிறிய எழுத்துகள் கண்ணில் பட்டன. முதலாவது மில்லிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்குப் பிகோமோல். பிகோமோலில் உள்ள எண்ணை 7.14 ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும். வகுத்தேன், 0.87. நான்கு முறை வகுத்தேன். இத்தனை பேருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் ஓர் அளவை இரண்டு அலகுகளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அலகைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அச்சிடுவது சரியல்ல.

மார்ச் 15

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 21

சொல்லிவிட்டேன். அவர் எதுவும் பேசாமல் இரண்டு தாள்களையும் மடித்து ஒரே உறையில் வைத்தார்.

மருத்துவரிடம், 0.84 எப்படி 0.87 ஆக உயர்ந்தது என்று கேட்டேன். அது உயர்வே அல்ல, கூடத்துக்குக் கூடம் முறை மாறும்போது இவ்வளவு வேறுபாடு இயல்பு என்றார். பிறகு, மாதவிடாயின் மூன்றாம் நாளில் எடுத்த, நுண்ணறைகளை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 8.6 ஐ விரலால் தொட்டுக் காட்டினார். அந்த எண் குறைவாக இருப்பது நல்லது என்பதால், அதைத்தான் நான் இத்தனை நாளும் நல்ல செய்தியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே நாளில் எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் 94 இருக்கிறது. அது மிகும்போது மூளையடிச் சுரப்பி எஃப்.எஸ்.எச். சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே 8.6 என்பது அமுக்கப்பட்ட எண்ணாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார். என்னிடம் இருந்த ஒரே நல்ல எண்ணும் போய்விட்டது.

எழுந்திருக்கும்போது அவர் சொன்னதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்: ஏ.எம்.எச். என்பது, முட்டைகளை வளரத் தூண்டும் ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் திரளும் என்பதை முன்கூட்டிக் காட்டுமே தவிர, அந்த முட்டைகளின் தரத்தைக் காட்டாது; தரம் பெரும்பாலும் வயதைச் சார்ந்தது.

மார்ச் 24

2017 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 30 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில், ஏ.எம்.எச். 0.7 க்கும் கீழே இருந்தவர்கள் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. காலை முழுவதும் அந்த வரி என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. மதியம் மீண்டும் படித்தேன். அவர்கள் அனைவரும் அப்போதுதான் முயலத் தொடங்கியவர்கள், குழந்தையின்மை வரலாறு இல்லாதவர்கள். நாங்கள் முயலத் தொடங்கி இருபத்தாறு மாதங்கள் ஆகின்றன. என்னைப் போன்றவளை அந்த ஆய்வு தன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மார்ச் 30

ஸ்கேன். இடப்புறச் சினைப்பையில் மூன்று நுண்ணறைகள், வலப்புறத்தில் நான்கு. கறுப்புப் புள்ளிகளாகத் திரையில் தெரிந்தன. எண் என்றே நினைத்து நினைத்து வெறுத்திருந்த ஒன்றை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். ஏழும் எனக்கு மிக அழகாக இருந்தன. வலப்பக்கத்து நான்காவதை மருத்துவர் தேடித்தான் கண்டுபிடித்தார்.

ஏப்ரல் 2

அம்மா தொலைபேசியில் பேசினார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், நன்றாக இருக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 6

நாளை ஊசியின் அளவை முடிவு செய்கிறார்கள். இரண்டு அறிக்கைகளிலும் அலகைச் சிவப்பு மையால் வட்டமிட்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏழில் எத்தனை வரும்