பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வருஷத்தைத் தாண்டிய கதை

டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீசியன் டிப்ளமோ) சேர்ந்த ஜூனியர்கள் போன் போட்டால் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான்: "அண்ணே, இந்த அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரியை எப்படிண்ணே முடிச்சீங்க?" ரத்தம் எடுப்பதும் ஸ்லைடு போடுவதும் கை பழகினால் வந்துவிடும். முதல் வருஷத்தில் ஆளைச் சாய்ப்பது இந்த மூன்றும்தான்.

எங்களுக்கு மூன்று பாடத்துக்கும் தனித்தனி ஆசிரியர், தனித்தனி நோட்டு. அனாட்டமியில் 206 எலும்பு, அதில் மணிக்கட்டில் மட்டும் எட்டு. பிசியாலஜியில் செல் படம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு கலர், நியூக்ளியஸுக்கு ஒரு கலர். பயோகெமிஸ்ட்ரியில் நார்மல் வேல்யூ பட்டியல்: சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5, ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45. இன்டர்னல் முடிந்த மறுநாளே பாதி மறந்துபோகும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாறியது கலெக்‌ஷன் ரூம் போஸ்டிங்கில். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிற கூட்டம், டோக்கன் சத்தம், நடுவில் சீனியர் டெக்னீசியன் அக்கா ஒருத்தர். நன்றாக நடந்து வந்து, பேசிவிட்டுப் போன ஒருவருக்குப் பொட்டாசியம் 6.8 என்று மெஷின் காட்டியது. அக்கா ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய ட்யூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே வெளிர்மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் (உறைந்த ரத்தத்தில் செல்கள் கீழே போனபின் மேலே மிஞ்சும் தெளிந்த நீர்), ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது.

"ஹீமோலைஸ் ஆயிருச்சு தம்பி. உள்ள இருந்தது வெளிய வந்துருச்சு. அவரைத் திரும்பக் கூப்பிடு."

ஹீமோலைஸ் என்றால் சிவப்பணு உடைந்துபோவது. அதன் உள்ளே என்ன இருந்தது என்று அன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். சீரத்தில் லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலென்ட் சுமார் இருக்கிற பொட்டாசியம், செல்லுக்குள் 140 அளவில் இருக்கிறது. உடம்பில் உள்ள மொத்தப் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள்தான். நாம் ஊசி போட்டு அளப்பது வெளியே சிந்திக் கிடக்கிற மிச்சத்தை. அதனால் சிவப்பணுக்களில் கொஞ்சம் உடைந்தாலே ரிப்போர்ட் தலைகீழாகிவிடும்.

அப்புறம் அடுத்த கேள்வி. உள்ளே அவ்வளவு, வெளியே இவ்வளவு என்றால் அது ஏன் தானாக வெளியே வழிந்து சமமாகவில்லை? செல் சவ்வில் உட்கார்ந்திருக்கிற சோடியம் பொட்டாசியம் பம்ப்தான் காரணம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) செலவு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ இதை நண்டின் கால் நரம்பை வைத்து ஆராய்ந்து 1957இல் எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997இல். (நாற்பது வருஷம். நம் அரியர் எல்லாம் எந்த மூலைக்கு!) செல் படத்தில் நான் வெறும் கோடாகப் போட்டுக்கொண்டிருந்த சவ்வுக்கு அன்றுதான் ஒரு வேலை இருப்பது தெரிந்தது.

அதிலிருந்து எந்தப் பாடத்தை எடுத்தாலும் "இதில் பொட்டாசியம் எங்கே?" என்று தேட ஆரம்பித்தேன். கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஆனால் வேலை செய்தது. லேபில் காரணம் சொல்லாமல் போட்டு வைத்திருந்த சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேடலில் காரணம் கிடைத்தது.

பொட்டாசியம் பார்க்க வேண்டிய ரத்தத்தை, சீரம் பிரிக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பார்கள். ஏன்? சிவப்பணுவுக்கு நியூக்ளியஸும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. குளுக்கோஸைக் கிளைகாலிசிஸ் வழியாக உடைத்து, ஒரு மூலக்கூறுக்கு நிகரமாக இரண்டு ஏ.டி.பி. எடுப்பது ஒன்றே அதன் வருமானம். குளிரில் அந்த வேலையும் பம்பும் மந்தமாகிவிட, பொட்டாசியம் மெதுவாக வெளியே கசியும். செல் ஒன்றுகூட உடைந்திருக்காது, சீரம் தெளிவாகவே இருக்கும். ஆனால் எண் மட்டும் ஏறியிருக்கும். ரோஸ் நிறம் இல்லாததால் கண்ணுக்கு அகப்படாத தப்பு இது, அதனால் ஹீமோலிசிஸைவிட மோசம் என்பேன்.

சரி, ட்யூபை வெளியே மேஜையிலேயே வைத்தால்? பம்ப் ஓடும், ஆனால் அந்தச் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். சர்க்கரைக்கு மட்டும் சாம்பல் மூடி ட்யூப் வைத்திருப்பது இதற்காக. அதிலுள்ள ஃப்ளூரைடு, கிளைகாலிசிஸில் எனோலேஸ் என்ற என்சைமைத் தடுக்கிறது. எனோலேஸ் வரிசையில் கடைசிக்கு முந்தின படி என்பதால் தடை உடனே வேலை செய்யாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. எனோலேஸ் எங்கே வருகிறது என்று பார்க்கப்போய் மற்ற ஒன்பதும் கூடவே வந்துவிட்டன.

வயலட் மூடி ட்யூபை ஏன் கடைசிப் பக்கம் தள்ளி எடுக்கிறோம்? அதிலிருக்கிற இ.டி.டி.ஏ., பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் ரத்தம் உறையாமல் தடுக்கிறது. அதில் ஒரு துளி சீரம் ட்யூபுக்குத் தாவினாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். இரண்டும் சேர்ந்து கோணலாக வந்தால் முதலில் இதைச் சந்தேகப்பட வேண்டும்.

அனாட்டமியும் இதே வழியில்தான் உள்ளே வந்தது. ரத்தம் எடுக்கும்போது "கையை இறுக்கி மூடித் திறங்க" என்று சொல்வது பழக்கம். முன்கைத் தசை சுருங்கும்போது பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. டூர்னிக்கேயும் (கையில் கட்டும் பட்டை) இறுக்கமாக, ரொம்ப நேரம் இருந்தால் அந்த ரத்தத்தில் எண் கூடும். அக்கா யாரையும் கையை ஆட்டவிட மாட்டார், டூர்னிக்கே ஒரு நிமிஷம் தாண்டாது. அப்படியானால் நரம்பு சீக்கிரம் கிடைக்க வேண்டும், அதற்கு முழங்கை மடிப்பின் படம் தலையில் இருக்க வேண்டும். (ஊரில் நரம்பு என்று சொல்கிற இது சிரைதான்.) வெளிப்பக்கம் செஃபாலிக், உள்பக்கம் பசிலிக், இரண்டையும் இணைத்து நடுவில் மீடியன் க்யூபிடல். உள்பக்கம் போகப் போக பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் (இது நிஜமான நரம்பு) பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் பசிலிக் கடைசிச் சாய்ஸ். இதைப் புத்தகத்தில் படித்ததைவிட, ஹாஸ்டலில் ஒருவன் கையை ஒருவன் தடவிப் பார்த்து, பைசெப்ஸ் தசைநாணுக்கு உள்பக்கம் தமனி துடிப்பதைத் தொட்டுக் கற்றதுதான் நிலைத்தது.

சிறுநீரகம், இதயம் இரண்டுக்கும் அதிகம் பாடுபடவில்லை. சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தில் 90 சதவீதம் போல வெளியேற்றுவது சிறுநீரகம். அது கெட்டால் அளவு ஏறும், ஏறினால் இ.சி.ஜி.யில் டி அலை கூராக எழும், இன்னும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உண்மையான 6.8க்கும் ரோஸ் நிற 6.8க்கும் உள்ள வித்தியாசம் ஒரு உயிர்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் உதவும் என்று சொல்லமாட்டேன். மணிக்கட்டின் எட்டு எலும்புக்கும் பொட்டாசியத்துக்கும் ஒரு ஒட்டும் இல்லை. அதை உருப்போட்டுத்தான் ஆக வேண்டும். ஹிஸ்டாலஜி (திசுக்களைப் பற்றிய பாடம்) ஸ்லைடும் அப்படித்தான், மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்த நேரம்தான் மார்க். ரெக்கார்ட் நோட்டை வாரா வாரம் முடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் சாம்பல் மூடி ட்யூபைத் தூக்கிக் காட்டி, "இதில் எலக்ட்ரோலைட் போடலாமா?" என்றார். கூடாது, அதில் பொட்டாசியம் ஆக்ஸலேட்டும் சோடியம் ஃப்ளூரைடும் இருக்கும், சோடியம், பொட்டாசியம் இரண்டு எண்ணுமே பொய்யாக ஏறும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, மேஜையிலிருந்த ஒரு எலும்பை எடுத்துக் கொடுத்து இடதா வலதா என்று கேட்டார். பயோகெமிஸ்ட்ரியில் நல்ல மார்க், பிசியாலஜியில் பரவாயில்லை, அனாட்டமியில் பார்டரில் பாஸ்.