குடியிருந்த வீடு அலுவலகமாகும்போது

லண்டனில் பெட்ஃபோர்டு சதுக்கத்து வீடுகள் 1775-க்கும் 1783-க்கும் இடையில், வசதி படைத்த குடும்பங்கள் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டவை. இன்று அவற்றில் பெரும்பாலும் அலுவலகங்களே இயங்குகின்றன. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் என்னும் கட்டடக்கலைப் பள்ளி 1917 முதல் அங்கேதான் இருக்கிறது. கோயம்புத்தூரில் பழைய வீடுகளை அலுவலகமாகவும் கிளினிக்காகவும் மாற்றிக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, முகம் மாறாமல் உபயோகம் மட்டும் மாறிய அந்த வீட்டு வரிசைகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் போதவில்லை.

அவற்றின் முதல் பலம் அறை அமைப்பு. ஒவ்வொரு தளத்திலும் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, பக்கச்சுவரை ஒட்டி மாடிப்படி. சமையலறை அடித்தளத்தில், விருந்தினரை உபசரிக்கும் கூடம் முதல் மாடியில், வேலையாட்கள் உறங்கியது உச்சியில். எந்த அறைக்கும் படிக்கட்டிலிருந்தே நேராகப் போய்விடலாம் என்பதால், பிற்காலத்தில் தளத்துக்கு ஒரு வக்கீலோ ஒரு பதிப்பகமோ வந்து அமர்ந்தபோது சுவரை இடிக்க வேண்டிய தேவையே பெரிதாக எழவில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம் (தொட்டி) வைத்துக் கட்டிய நம் தொட்டிக்கட்டு வீட்டின் கணக்கு வேறு. அதில் எல்லா அறைகளும் நடுத்தொட்டியைப் பார்த்தே திறக்கின்றன. ஆசாரம் எனப்படும் கூடத்தைக் கடக்காமல் உள்ளே போக வழியில்லை. அதை அலுவலகமாக்குகிறவர்கள் முதலில் செய்வது தொட்டியின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடைத்து, அங்கே வரவேற்பு மேசையைப் போடுவதுதான். அந்த நிமிடமே வீட்டுக்குக் காற்று போய்விடுகிறது, வெளிச்சமும் குறைந்துவிடுகிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

அந்த லண்டன் வீடுகளின் முகப்பை அரசின் சட்டமும் சேர்ந்தே செதுக்கியது. 1666-இன் பெருந்தீக்குப் பிறகு மரத்தின் மேல் லண்டனுக்குப் பயம் வந்தது. ஜன்னலின் மரச்சட்டம் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்வாங்கி நிற்க வேண்டும் என்றது 1709-இன் சட்டம். 1774-இன் சட்டம் ஒரு படி மேலே போய், கண்ணாடிச் சட்டத்தை ஏற்றி இறக்கும் எடைக்கட்டிகள் தொங்கும் மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. வெளியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடாக மட்டும் தெரியும் அந்த ஜன்னல்களின் அழகு, தீக்குப் பயந்து பிறந்தது. உட்புறம் அதைவிட நேர்த்தி: சுவரின் கனத்துக்குள்ளேயே மடிந்து, வெறும் மரப்பலகைபோல ஒட்டிக்கொள்ளும் ஜன்னல் கதவுகள். இரவில் அவற்றை விரித்துக் குறுக்குக் கம்பியைப் போட்டுவிட்டால் திரைச்சீலையே வேண்டாம்.

மாற்றும்போது சிக்கல் தருவது தளம். பிரிட்டனின் இன்றைய தரநிலை குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரமும், சாதாரண அலுவலகத்துக்குச் சுமார் 250 கிலோவும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. பழைய மர உத்தரங்களின் மேல் இரும்பு பீரோக்களை நடு அறையில் வரிசையாக அடுக்கினால் தளம் தொய்யும். கோப்புகளைச் சுவரோரமாகவோ அடித்தளத்திலோ வைப்பதுதான் புத்திசாலித்தனம். வயர் இழுக்க உத்தரத்தின் நடுவில் வெட்டுவதும் அதே அளவு கேடு. கூரையோரம் ஓடும் சுதை வேலைப்பாட்டைத் தடுப்புச்சுவர் குறுக்கே அறுத்தால் அறையின் அளவுப் பொருத்தமே கெட்டுப்போகிறது.

பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களைப் பட்டியலிடும் முறை, பிரிட்டனின் 1947-இன் நகரத் திட்டமிடல் சட்டத்திலிருந்து வளர்ந்தது; அது இவற்றையெல்லாம் காக்கிறது. பட்டியலில் சேர்ந்த வீட்டின் உட்புறத்துக்கும் காவல் உண்டு. மாடிப்படியின் கைப்பிடியைக்கூட அனுமதி இல்லாமல் கழற்ற முடியாது. இங்கே கோயம்புத்தூரில் நான் பார்க்கும் தனியார் வீடுகளில் எல்லாமே உரிமையாளரின் மனதைப் பொறுத்தது. முகப்பு முழுவதும் ஏசிபி எனப்படும் அலுமினியப் பூச்சுப் பலகை அடிக்க ஒரு வாரம் போதும்.

ஆகவே இப்போது எங்கள் ஊர் ஆர்.எஸ். புரத்துப் பழைய வீட்டுக்காரர்கள் வரும்போது, நான் முதலில் கேட்டுக்கொள்வது இவைதான்: தடுப்புகள் ஏழடிக்கு மேல் போகாத கண்ணாடியாக இருக்கட்டும், மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையின் தேக்கு உத்தரங்கள் அறைக்கு அறை தொடர்ந்து தெரியட்டும், வயர்கள் தரையோரப் பட்டியில் ஓடட்டும், ஏசியின் வெளிப்பெட்டி பின்கட்டுக்குப் போகட்டும். எதைப் பொருத்தினாலும் ஸ்க்ரூவைக் கழற்றினால் சுவர் பழையபடி நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.