செயின்ட் லூசியாவில் அவிழ்த்துவிட்ட எருமை

சென்ற ஜூலைப் பள்ளி விடுமுறையில், திருவையாற்றிலிருந்து வந்திருந்த என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதி உள்ள வண்டி) ஒன்றில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே புறப்பட்டோம். என்2 நெடுஞ்சாலையின் இருபுறமும் டோங்காட், ஸ்டாங்கர் என்று நீண்டுகொண்டே போகும் கரும்புக் காடுகளைப் பார்த்து, இவ்வளவையும் யார் நட்டார்கள் என்று அத்தை கேட்டார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கிய கதையைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் துகேலா ஆற்றைக் கடந்துவிட்டோம்.

அன்றிரவு தங்கியது செயின்ட் லூசியாவில், கழிமுகத்தை ஒட்டிய ஒரு முகாம் மைதானத்தில். 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இசிமங்கலிசோ சதுப்புநிலப் பூங்காவை ஒட்டிய சிற்றூர் அது. இரவில் தெருக்களில் நீர்யானைகள் நடமாடும் என்று ஊருக்குள் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழே அத்தையை நிற்கவைத்துப் படம் எடுத்தேனே தவிர, அந்த எச்சரிக்கை எனக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணவில்லை.

வண்டிக்குள் கழிப்பறை இருந்தது. ஆனால் அதன் கழிவுத் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பதை வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. ஆகவே இரவு ஒன்பதரை மணிக்கு நானும் அத்தையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு, அறுபது எழுபது அடி தள்ளியிருந்த பொதுக் குளியலறைக் கட்டடத்துக்கு (இங்கே எல்லோரும் அதை அப்லூஷன் என்றுதான் சொல்வார்கள்) நடந்து போனோம். திரும்பும்போது முதலில் வெளியே வந்த அத்தை, வாசலிலேயே நின்று, "யாரோ எருமையை அவிழ்த்து விட்டிருக்காங்க" என்றார்கள். நாற்பது ஆண்டுகள் எருமை வளர்த்தவர்கள். நான் டார்ச்சைத் திருப்புவதற்குள் கையைத் தட்டி, "ஹை, போ அந்தப் பக்கம்!" என்று அதட்டியும் விட்டார்கள்.

புல்லிலிருந்து தலை நிமிர்ந்தது. அந்தத் தலையின் அகலத்தைப் பார்த்ததும் எனக்கு நா உலர்ந்துபோயிற்று. நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்பது இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கழிமுகமோ எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருந்தாலும் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய விலங்கு அது. அப்போது பக்கத்துக் கேரவனிலிருந்து ஓர் ஆண்குரல், "அக்கா, போகாதே! உள்ளே போ, உள்ளே போ!" என்று தமிழில் கத்தியது. தமிழைக் கேட்டு வியக்க நேரமில்லை. அத்தையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

ஏறக்குறைய நாற்பது நிமிடம் உள்ளேயே இருந்தோம். வெயில் பட்டால் தோல் வறண்டுவிடும் என்பதால் பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை, இருட்டிய பிறகு கரையேறி, ஓர் இரவில் நாற்பது கிலோ புல்வரை தின்னும். என் கணவர் வண்டியின் சன்னலிலிருந்து அது நகரும் திசையைக் கைப்பேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை கதவில் காதை வைத்து, புல் அறுபடும் ஓசையைக் கேட்டுவிட்டு, "இது நுனிப்புல் மேயற ஜாதி இல்லை, தரையோடு கத்தரிக்குது" என்றார்கள். அகன்ற உதடுகளால் புல்லை ஒட்டக் கத்தரித்துத்தான் அது மேயும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒருவழியாக, அந்தக் குரலுக்கு உரியவர் தம் பக்கியை (சிறு பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மெதுவாகப் புல்வெளியில் ஓட்டிவந்து, கதவோடு கதவாக நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். டர்பனில் நம்மவர்கள் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்காரர்; அறுபது வயதிருக்கும். ஆயாவிடம் (பாட்டியிடம்) அடுப்படியில் கற்ற தமிழ் அவ்வளவுதான் தம்மிடம் மிச்சம் என்று ஆங்கிலத்தில் கூச்சத்தோடு சொன்னார். முன்பின் அறியாத ஒருவர் ஒருமையில் அழைத்தது அத்தைக்கு உறுத்தியிருக்குமோ என்று நான் தயங்கியதை அத்தையே கவனித்துவிட்டார்கள். "கூடப்பிறந்தவன்தான் இப்படிக் கூப்பிடுவான்" என்று சொல்லி, மிச்சமிருந்த புளியோதரை முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் எங்களுக்குப் புளியோதரை இல்லை.

விடிந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்த்தோம். ஈர மண்ணில் நான்கு விரல் பதிந்த தடங்கள். பக்கத்தில் அத்தை தம் பாதத்தை வைத்து அளந்து பார்த்தார்கள். ஆண் நீர்யானை தன் எல்லையைக் குறிக்க வாலைச் சுழற்றிச் சாணத்தை வாரி இறைக்கும்; எங்கள் வண்டியின் பின்புறம், எண் பலகை உட்பட, முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது. குழாயடியில் வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தும் இடுக்குகளில் தங்கியது போகவில்லை. டர்பனில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, தொட்டியின் மூடியைப் பற்றி நான் சொன்னதைக் குறித்துக்கொள்ளாத அலுவலர், கழுவுகூலி என்று 350 ரேண்டைக் கணக்கில் சேர்த்தார்.